கஸ்டம் ஸ்டீல் ஃபிரேம்: பாகங்களைத் தீர்மானிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அளவு சொல்லிச் செய்யும் ஸ்டீல் சைக்கிள் ஃபிரேமில் தவறு கண்ணில் படுவது பாகங்களைப் பூட்டும் நாளில்தான். ஆனால் அது நடந்து முடிந்தது வரைபடத்திலேயே. குழாயைப் பற்றவைத்தபின் பாகத்தை மாற்றலாம், ஃபிரேமை மாற்ற முடியாது.

முதல் தவறு, தள்ளுபடியில் கிடைத்ததே என்று கியர் செட்டை முதலில் வாங்கிவிடுவது. தீர்மானிக்க வேண்டிய வரிசையே வேறு: டயர், ரிம், பிரேக், ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை). கிராங்கும் (பெடல் மாட்டும் கை) கியரும் அதற்குப் பிறகுதான்.

டயரின் பக்கத்தில் அச்சிட்ட அகலத்தை அப்படியே நம்பக்கூடாது. 35 மி.மீ. என்று போட்ட டயர், உள்ளகலம் 25 மி.மீ. உள்ள ரிம்மில் 37 வரை விரியும். இரு பக்கமும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி விட்டால்தான் சக்கரம் சற்றுக் கோணினாலும் சேறு ஒட்டினாலும் உரசாது. மட்கார்டு மாட்டும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். அதற்கான இடமும், டிராப்அவுட்டிலும் (ஆக்ஸில் உட்காரும் முனை) பாலத்திலும் (பின்குழாய்களை இணைக்கும் குறுக்குக்குழாய்) எம்5 மரைகளும் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே வேண்டும்.

அதிகம் சிக்கல் வரும் இடம் பாட்டம் பிராக்கெட்டுக்குப் (கிராங்க் அச்சு உட்காரும் கூடு) பின்னால் உள்ள அந்தச் சிறு பகுதி. டயர், செயின்ஸ்டே (அங்கிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும்) குழாய், செயின்ரிங் (முன் பல்சக்கரம்), கிராங்க் கை என நான்கும் அங்கே நெருக்கியடிக்கின்றன. 50 பல் செயின்ரிங்கின் ஆரம் சுமார் 101 மி.மீ., 44 பல்லுக்கு 89. இந்த 12 மி.மீ. வித்தியாசத்தில்தான் செயின்ஸ்டே நேராகப் போகுமா, நசுக்கி வளைக்க வேண்டுமா என்பது முடிவாகிறது. 40 மி.மீ. டயரும் 50/34 (பெரியதில் 50, சிறியதில் 34 பல்) செயின்ரிங்கும் குட்டையான செயின்ஸ்டேயும் ஒன்றாக வேண்டும் என்றால் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 46/30 எடுப்பதோ, செயின்ஸ்டேயை 10 மி.மீ. நீட்டுவதோ எளிய வழி. குட்டைச் செயின்ஸ்டே மோகம் பலருக்குத் தேவையே இல்லாதது என்பது எங்கள் கருத்து.

செயின்லைனும் (ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின்ரிங் வரையுள்ள தூரம்) இதோடு சேர்ந்தது. வழக்கமான ரோடு இரட்டைச் செயின்ரிங்குக்கு 43.5 மி.மீ., மலை சைக்கிள் கிராங்குக்கு 50 அல்லது 52. பின் ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு) அகலத்தையும் இதையும் தனித்தனியே தேர்ந்தெடுத்தால் செயின் சாய்ந்து ஓடும், சத்தம் போடும், சீக்கிரம் தேயும். பழைய ஹப் 126, ரிம் பிரேக் ரோடு ஹப் 130, குவிக் ரிலீஸ் டிஸ்க் ஹப் 135, த்ரூ ஆக்ஸில் (ஊடே செல்லும் தடித்த அச்சு) 142 அல்லது 148. ஸ்டீலை வளைத்து 126-ஐ 130 ஆக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது பழைய ஃபிரேமுக்கு உயிர் கொடுக்கும் வைத்தியம். புது ஃபிரேமை அதை நம்பி வரையக்கூடாது. 142-க்கோ அந்த வழியே இல்லை.

ஃபோர்க்கை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது அடுத்த பெருந்தவறு. ஆக்ஸில் மையத்திலிருந்து கிரவுன் (ஃபோர்க்கின் மேல்தோள்) வரையுள்ள நீளம் தெரியாமல் ஃபிரேமின் கோணங்களைக் கணக்கிட முடியாது. வரைந்ததைவிட 20 மி.மீ. நீளமான ஃபோர்க் மாட்டினால் ஹெட் கோணமும் சீட் கோணமும் (முன்குழாய், இருக்கைக் குழாய் ஆகியவற்றின் சாய்வு) ஏறக்குறைய 1 டிகிரி சாயும், பாட்டம் பிராக்கெட்டும் சுமார் 8 மி.மீ. உயரும். சஸ்பென்ஷன் ஃபோர்க்காக இருந்தால் ஏறி உட்காரும்போது அது அமுங்கும் அளவையும் கழிக்க வேண்டும். 44 மி.மீ. உள்விட்டமுள்ள ஹெட் குழாய் நேர் ஸ்டியரரையும் (ஃபோர்க்கின் மேல்தண்டு) கூம்பு ஸ்டியரரையும் ஏற்கும். ஆனால் கூம்பு ஸ்டியரருக்குக் கீழே வெளிக்கிண்ணம் வேண்டும். அதன் சுமார் 12 மி.மீ. உயரத்தை வரைபடத்தில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

ரிம் பிரேக் என்றால் காலிபரின் (பிரேக் கவ்வி) எட்டும் தூரத்தைப் பாருங்கள், அதாவது மாட்டும் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை வரையுள்ள தூரம். 39–49 மி.மீ. காலிபரில் 28 மி.மீ. டயருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம், மட்கார்டுக்கு 47–57 தேவை. ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் பிரேக் எண்ணெய்க் குழாய் முழுநீளமாக ஓட வேண்டும். கேபிள் உறை முட்டி நிற்கும் பழைய நிறுத்திகளை வைத்துவிட்டால் ஒயர் டை போட்டுக் கட்டும் நிலை வரும், பார்க்கவே பொறுக்காது. வி-பிரேக்குக்கு (இருபுறமும் நீண்ட கைகள் கொண்ட ரிம் பிரேக்) ரோடு லீவர் பொருந்தாது. அது இழுக்கும் கேபிள் நீளம் போதாமல் லீவர் ஹேண்டில்பாரில் போய் முட்டும்.

கியரைக் கலந்து போடுவதிலும் இதே கதைதான். ஷிமானோ 9 வேகத்தில் (பின்னால் 9 பல்சக்கரம்) ரோடு ஷிஃப்டரும் மலை சைக்கிள் பின் டிரெய்லரும் (derailleur, செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) ஒத்துப்போயின. 10 வேகத்தில் ஒத்துப்போகாது. பின் டிரெய்லரின் மொத்தக் கொள்ளளவையும் கணக்குப் போட்டுவிடுங்கள்: 46/30 முன்னாலும் 11–34 பின்னாலும் இருந்தால் 16-ம் 23-ம் சேர்ந்து 39 பல்.

பாட்டம் பிராக்கெட்டுக்குச் சந்தேகமே வேண்டாம், பி.எஸ்.ஏ. எனும் ஆங்கிலேய மரை போதும். செயின் பக்கம் இடது மரை என்பதை மறந்து தவறான திசையில் முறுக்கினால் மரை பாழ். இத்தாலிய மரையில் இரு பக்கமும் வலது மரை.

இனி, ஃபிரேம் பெயின்ட் ஆகி வந்தபின் செய்யும் அவசரம். மரைகளில் டேப் (tap, மரை வெட்டும் கருவி) ஓட்டிப் பெயின்டை எடுக்காமல் பாகத்தைத் திணிப்பது, ஹெட் குழாயின் இரு முகங்களும் இணையாகச் சீவப்பட்டுள்ளனவா என்று பார்க்காமல் ஹெட்செட் (ஸ்டியரர் சுழலும் பேரிங்) அழுத்துவது, டிஸ்க் காலிபர் உட்காரும் முகத்தில் பெயின்டை அப்படியே விடுவது ஆகிய மூன்றும் பின்னால் தொல்லை கொடுக்கும். பற்றவைத்த சூட்டில் சீட் குழாயின் வாய் கோணியிருக்கும். 27.2 மி.மீ. ரீமர் (துளையை வட்டமாகச் சீவும் கருவி) ஓட்டினால்தான் சீட் போஸ்ட் கீறாமல் இறங்கும். அலுமினிய போஸ்டுக்குத் தாராளமாகக் கிரீஸ் பூசுங்கள். இல்லையென்றால் இரண்டு உலோகங்களும் சேர்ந்து அரித்து, சில ஆண்டுகளில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கார்பன் போஸ்டுக்குக் கிரீஸ் கூடாது, அதற்கென்று உள்ள பசை இருக்கிறது.

குழாய்களின் உள்ளே துருத்தடுப்பு எண்ணெய் அடிக்க வேண்டிய நேரம், மரைகளைச் சுத்தம் செய்தபின், பாட்டம் பிராக்கெட் பூட்டுவதற்கு முன். ஊற்றி, ஃபிரேமை எல்லாத் திசையிலும் புரட்டி, ஒரு நாள் வடியவிடுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் தண்ணீர் வடியும் துளை இருக்கிறதா, அது பெயின்டில் அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டியரரை முதல் நாளே அறுக்காதீர்கள். ஸ்டெமுக்கு (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) மேலும் கீழுமாக ஸ்பேசர் போட்டு, உயரம் உடம்புக்கு ஒத்துவரும் வரை சில வாரம் ஓட்டுங்கள். அறுக்கும்போது, அதன் வாய் ஸ்டெமின் அல்லது மேல் ஸ்பேசரின் மட்டத்துக்கு 3 மி.மீ. கீழே நிற்க வேண்டும். ஹெட்செட்டை இறுக்கும் போல்ட்டுக்குப் பிடிமானமாக ஸ்டீல் ஸ்டியரருக்கு நட்சத்திர நட், கார்பனுக்கு விரியும் பிளக்.