தகவல் வேறு, சான்று வேறு: கிழக்கில் புலனாய்வு வேலைக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பர் 30 அதிகாலை, மட்டக்களப்பு வவுணதீவில் சோதனைச் சாவடியில் இரவுக் கடமையில் நின்ற இரண்டு பொலிஸ் கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். மாவீரர் நாள் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சந்தேகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளையும் சொல்லும். முன்னாள் போராளி ஒருவர் கைதாகி மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு நடந்த விசாரணையில்தான் அந்தக் கொலைகளும் அதே தாக்குதல்களை நடத்திய சஹ்ரான் ஹாஷிமின் குழு செய்தவை என்று வெளிவந்தது. அந்த மனிதரை மே மாதத்தில் விட்டார்கள். கொலைக்கும் ஏப்ரல் 21க்கும் இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து மாதமும் உண்மையான கொலையாளிகள் வெளியில் இருந்தார்கள். அந்த ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனைக்குப் போன பிள்ளைகள் உயிரோடு திரும்பவில்லை.

பொலிஸில் சேர்ந்து சீஐடிக்கோ, பயங்கரவாத விசாரணைப் பிரிவுக்கோ, அரச புலனாய்வுச் சேவைக்கோ போக விரும்புகிற தமிழ் பேசும் பிள்ளைகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது இருக்கிறார்கள். அவர்கள் வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். வருமுன் வவுணதீவு வழக்கை ஒரு தடவை ஆறுதலாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். அந்தத் தவறு கெட்ட எண்ணமே இல்லாத அதிகாரிக்கும் வரக்கூடியது. மாவீரர் நாள், பழைய போராளி, செத்த பொலிஸ்காரர் என்று மூன்றும் தாமாகவே ஒரு கதையாகச் சேர்ந்துகொண்டன. கதை சேர்ந்துவிட்டால், பிறகு கிடைக்கிறதெல்லாம் அந்தக் கதைக்குச் சாட்சியாகவே கண்ணில் படும். பொருந்தாதது கண்ணிலேயே படாது.

இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். சந்தேக நபரின் பெயரை எழுதும்போதே, அதே பக்கத்தில் இன்னும் இரண்டு விளக்கங்களை எழுதுங்கள். செத்த பொலிஸ்காரரின் ஆயுதங்கள் வேறு யாருக்குத் தேவைப்பட்டிருக்கும்? என் சந்தேகம் பிழையென்றால் எதைக் கண்டு அறிவேன்? அந்தப் பிழையைக் காட்டக்கூடிய சான்றைத்தான் முதலில் தேடிப் போக வேண்டும். மேலதிகாரி "யாரையாவது பிடித்துக் காட்டு" என்று நெருக்குகிற வாரத்தில் இது கஷ்டமான வேலை. ஆனாலும் நெருக்குதல் கூடிய வாரத்தில்தான் இது மிகவும் தேவை.

அடுத்தது, புலனாய்வுத் தகவலையும் நீதிமன்றச் சான்றையும் ஒன்றாக நினைப்பது. தகவல் உங்களுக்கு வழி காட்டும். எங்கே பார்க்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லும். அதை அப்படியே பி அறிக்கையில் (பொலிஸ் நீதவானுக்கு விசாரணை பற்றிக் கொடுக்கும் அறிக்கையில்) "நம்பகமான தகவலின்படி" என்று எழுதி நீதவானிடம் கொடுத்தால் ஒருவரை விளக்கமறியலில் வைக்கலாமே தவிர, வழக்கை நிரூபிக்க முடியாது. பல வருடம் இழுபட்ட பிறகு சந்தேக நபர் வெளியே வருவார். குற்றம் செய்தவரானால் அது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அநியாயம், செய்யாதவரானால் அவருடைய குடும்பத்துக்கு அநியாயம்.

எங்கள் ஊர்களில் தகவல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மொட்டைப் பெட்டிசம் எழுதுவது இங்கே பழைய பழக்கம். வேலி எல்லை, வயல் வாய்க்கால், கொடுத்த கடன், முறிந்த கலியாணம், கோயில் நிர்வாகம், பள்ளிவாசல் நிர்வாகம் என்று எந்தப் பகையும் ஒரு கட்டத்தில் "இவருக்கு அந்த இயக்கத்தோடு தொடர்பு" என்ற பெட்டிசமாக மாறலாம். அதற்காக எல்லாவற்றையும் குப்பையில் போடவும் கூடாது. காத்தான்குடியில் சஹ்ரானின் பேச்சுகளைப் பற்றி ஊர் முஸ்லிம்களே முறையிட்டார்கள். 2017 மார்ச்சில் அங்கே சூபி முஸ்லிம்களோடு மோதல் நடந்த பிறகு அவர் தலைமறைவானார். உட்பூசல் என்று ஒதுக்கியிருந்தால் ஒதுக்கக்கூடிய முறைப்பாடுதான் அது, ஆனால் அதில் உண்மை இருந்தது. ஆகவே பெட்டிசம் எழுதியவருக்கு என்ன லாபம் என்று ஒரு பக்கம் பாருங்கள். எழுதியது உண்மையா என்பதை அதிலிருந்து பிரித்து, தனியாகப் பாருங்கள்.

பல நாடுகளின் புலனாய்வில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. தகவல் தந்தவரின் நம்பகத்தன்மைக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து. தகவலின் உண்மைத்தன்மைக்கு 1 முதல் 6 வரை ஓர் இலக்கம். இரண்டையும் தனித்தனியாகத்தான் போட வேண்டும். நல்ல ஆளும் பிழையான செய்தி கொண்டு வருவார், கெட்ட ஆளும் சரியான செய்தி கொண்டு வருவார்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. பொலிஸ், இராணுவப் புலனாய்வு, விசேட அதிரடிப்படை என்று மூன்று தரப்பு ஒரே செய்தியைச் சொன்னால் அது மூன்று உறுதிப்படுத்தல் போலத் தெரியும். கடைசியில் மூன்று பேரிடமும் பேசியது ஒரே தேத்தண்ணிக் கடைக்காரராக இருக்கலாம். செய்தி எத்தனை பேர் வாயிலிருந்து வந்தது என்று எண்ணாதீர்கள். முதலில் யார் கண்ணால் கண்டது என்று கேட்டுக்கொண்டே போங்கள். கண்டவர் யாரும் இல்லை என்றால் உங்கள் கையில் இருப்பது கதை.

வாக்குமூலத்தில் தொங்குவது எங்கள் நாட்டு விசாரணையின் தீராத நோய். 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 25 ஆம் பிரிவில் சொல்கிறது. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 16 ஆம் பிரிவில் அதற்கு விலக்கு வைத்தது: உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ பதிந்தால் ஏற்கலாம் என்றது. அந்த விலக்கு விசாரணையாளரைச் சோம்பேறியாக்கிவிட்டது என்பது என் உறுதியான கருத்து. ஒப்புதல் கையில் இருக்கும்போது தடயம் தேட யார் வெயிலில் அலைவார்கள்?

சிங்கராசா வழக்கை இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 1993 இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் கைதான தமிழர் அவர். ஒப்புதல் சிங்களத்தில் எழுதப்பட்டது. அவருக்கு அந்த மொழி தெரியாது. பெருவிரல் அடையாளம் வைக்கப்பட்டது. 1995 இல் 50 வருடச் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்மானித்தது. ஒப்புதல் வற்புறுத்திப் பெறப்பட்டது என்று எதிரியே நிரூபிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான விசாரணை ஆகாது என்றது.

மொழிப் பிரச்சினை இன்றும் தீரவில்லை. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டாமல் ஒப்பம் வாங்காதீர்கள். சொன்னவரின் மொழியில், அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள். தமிழ் பேசும் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

அம்பாறை நகரில் 2018 பெப்ரவரி 26 இரவு நடந்ததையும் மறக்கக் கூடாது. முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் பழி எழுந்தது. கூட்டம் சுற்றி நின்று மிரட்டியபோது, சிங்களம் சரியாகப் புரியாத கடை ஆள் தலையாட்டினார். அந்த வீடியோ ஒப்புதல் என்று பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பார்த்தபோது அது மாவுக்கட்டி. பயந்தவன் ஆட்டிய தலை எதையும் நிரூபிப்பதில்லை. அது ஆய்வுகூடம் போய்த் தீர்க்கவேண்டிய கேள்வி. ஆய்வுகூடம் பதில் சொல்லுமுன் ஊர் எரிந்தது. வதந்தி கிளம்பிய முதல் மணித்தியாலத்திலேயே "மாதிரி அனுப்பியிருக்கிறோம், இன்னும் எதுவும் உறுதியில்லை" என்று பொறுப்பதிகாரி இரண்டு மொழியிலும் சொல்வதும் புலனாய்வு வேலையில் சேர்ந்ததுதான்.

ஆள் மாறாட்டம் பற்றிச் சுருக்கமாக. 2019 ஏப்ரல் 25 அன்று தேடப்படுவோர் பட்டியலில் அமெரிக்காவில் படித்த, சம்பந்தமே இல்லாத மாணவி ஒருவரின் படத்தைப் பொலிஸார் வெளியிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் ஊர்களில் ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ளவர்கள் ஒரு தெருவிலேயே பலர் இருப்பார்கள். அடையாள அட்டை இலக்கம், தகப்பன் பெயர், கிராம சேவகர் பிரிவு மூன்றும் ஒத்துப்போகாமல் ஒரு படத்தையும் வெளியே விடாதீர்கள்.

தொலைபேசிப் பதிவிலும் இதே மாதிரி ஏமாற இடமுண்டு. கோபுரத் தரவு ஆளின் இருப்பிடத்தைக் காட்டாது. எந்தக் கோபுரத்தோடு போன் பேசியது என்பதை மட்டும் காட்டும். வாவிக்கு மேலே அலையை மறிக்க வீடும் மரமும் இல்லை. அக்கரையில் நிற்பவரின் போனை இக்கரைக் கோபுரம் பிடிக்கலாம். "அவர் அந்த நேரம் டவுனில் நின்றார்" என்று எழுதுமுன் சீசீடிவியோ, பற்றுச்சீட்டோ, நேரில் கண்ட ஆளோ வேண்டும்.

தடயப் பொருளில் எங்கள் காலநிலை பெரிய எதிரி. இரத்தம் பட்ட உடுப்பை ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டினால் கடற்கரைப் புழுக்கத்தில் கெட்டுப்போகும். டிஎன்ஏ எடுக்க முடியாது. நிழலில் காயவிட்டு, கடதாசிப் பையில் இட்டு, முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரம் போனது என்று எழுதுங்கள். அந்தச் சங்கிலியில் ஒரு நாள் விடுபட்டாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் முதலில் பிடிப்பார். பிடிக்க வேண்டியதும் அவருடைய கடமை.

தகவலைப் பூட்டி வைப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2019 ஏப்ரல் 4 ஆம் திகதியே வெளிநாட்டிலிருந்து எச்சரிக்கை வந்தது. 16 ஆம் திகதி காத்தான்குடிப் பக்கம் பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வெடிக்க வைத்து ஒத்திகை பார்த்தார்கள். கடிதங்கள் மேசை விட்டு மேசை போயின. தேவாலயங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. உயர் அதிகாரிகளுக்கும் தனித்தனியாகத் தொகை விதித்தது. இரகசியம் காப்பது தகவல் தந்தவரின் பெயருக்கு. ஆபத்தில் இருப்பவருக்கு ஆபத்தைச் சொல்லாமல் விடுவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள்.

எதிர்மாறாக ஏப்ரல் 26 அன்று, சஹ்ரான் குழுவினர் ஒளிந்திருந்த சாய்ந்தமருதில் என்ன நடந்தது? வாடகை வீட்டுக்கு வந்த புதியவர்கள்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகப் பட்டியலாக நடத்துகிற அதிகாரிக்கு அப்படியொரு தகவல் இரண்டாம் தடவை கிடைக்காது. அடுத்த மாதமே, உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று நினைத்து ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணை அடைத்தார்கள். காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிற தாயின் வீட்டுக்குச் சிவில் உடையில் போய், போராட்டத்துக்கு யார் யார் வந்தது என்று கேட்பதையும் நான் இதே வரிசையில்தான் வைப்பேன். அந்தத் தாயிடமிருந்து பெறுவதற்கு எந்தப் புலனாய்வுத் தகவலும் இல்லை. அந்தத் தெரு முழுக்க உங்களைக் கண்டால் கதவடைக்கும், அதுதான் மிச்சம்.

சாட்சிகளைப் பொது மண்டபத்துக்கோ பொலிஸ் நிலைய வாசலுக்கோ எல்லோரும் பார்க்கக் கூப்பிடாதீர்கள். 2015 இல் வந்து 2023 இல் புதிய சட்டமாக மாற்றப்பட்ட பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவர்களுக்கு என்ன உரிமை உண்டு என்பதை முதல் சந்திப்பிலேயே தமிழில் சொல்லுங்கள்.

குறிப்புப் புத்தகத்தை அன்றன்றே எழுதுங்கள். இடமாற்றம் வரும்; வழக்கோ பத்து வருடம் கழித்துத்தான் விளக்கத்துக்கு வரலாம். கல்முனை மேல் நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது நினைவு உதவாது. அன்றைக்கு நீங்கள் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, நீங்களாக ஊகித்தது எது என்று மூன்றையும் பிரித்து எழுதியிருந்தால், குறுக்கு விசாரணையில் ஒவ்வொன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லலாம்.