திருகோணமலைக் காருக்கு எந்த பிரேக் பேட்?

கடைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: உங்கள் பிரேக் எவ்வளவு சூடாகப் போகிறது? உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா என்று ஓடும் காரில் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும், பேட் அழுத்திப் பிடிக்கும் தட்டு) பெரிதாகச் சூடேறாது. இங்கே பிரேக்கைக் கெடுப்பது உப்புக் காற்றுதான். தெரு ஓட்டத்துக்கு செராமிக் அல்லது நல்ல ஓர்கானிக் பேட் போதும். தூசும் சத்தமும் குறைவு, டிஸ்க்கும் அதிகம் தேயாது. கண்டி, நுவரெலியா இறக்கங்களில் ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு அடிக்கடி இறங்குபவர்களுக்கு உலோகம் கலந்த செமி மெட்டாலிக் பேட் பொருந்தும். சூட்டைத் தாங்கும், பதிலுக்கு டிஸ்க்கைத் தின்னும், சில நேரம் கீச்சிடும்.

பல பேட்களின் ஓரத்தில் அச்சிட்ட குறியீட்டின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள் உராய்வின் அளவை, அதாவது பிடியைச் சொல்லும். முதலாவது குறைந்த சூட்டில், இரண்டாவது கூடிய சூட்டில். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55. தெருவுக்கு எஃப்எஃப் தாராளம். ‘எஃப்ஈ’ என்றிருந்தால் சூடேறும்போது பிடி தளரும். ஆனால் பேட் எத்தனை பாகை வரை தாங்கும் என்பது இந்த எழுத்தில் இல்லை. அதைத் தயாரிப்பாளரின் வெப்ப எல்லையில்தான் பார்க்க வேண்டும்.

கட்டுக்குருந்த ரேஸ் ட்ராக்கில் ஓட நினைப்பவர்கள் கவனிக்க: முழு ரேஸ் பேட் சூடேறினால்தான் கடிக்கும். அதை மாட்டிக்கொண்டு இரவில் கந்தளாய்–ஹபரணை வீதியில் போய், யானை குறுக்கே வந்தால் முதல் மிதிக்கு அது சரியாகப் பிடிக்காது. தெருப் பேட்டிலேயே போங்கள். ட்ராக் பேட்டைப் பெட்டியில் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள்.

பெரிய கலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி), துளையிட்ட டிஸ்க் எல்லாம் கண்ணுக்கு அழகு. துளையோரம் வெடிப்பு விடும் என்பதால் ட்ராக்குக்கு வெறும் டிஸ்க்கோ கீறலிட்டதோ மேல். தேய்ந்த டயரில் எந்த பிரேக்கும் காரை நிறுத்தாது. காசை முதலில் டயருக்கும் பிரேக் ஒயிலுக்கும் போடுங்கள். ஒயில் வகைகளில் டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்கும், டொட் 4 230இல், டொட் 5.1 260இல். ஈரம் உறிஞ்சிய டொட் 4 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். ஆகவே ட்ராக்குக்கு முன் புது ஒயில் ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். நம் கடற்கரை ஈரப்பதத்தில் தெருக் காருக்கும் இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். சிலிக்கன் வகையான டொட் 5 வேறு சாமான். இவற்றோடு கலக்கக் கூடாது.

பேட்டை மாற்றும்போது கார் உருளாமல், தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கலிப்பரை ஒயில் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் கலிப்பர் நகரும் ஸ்லைட் பின் இறுகியிருக்கும்; உப்புவெளிப் பக்கக் கார்களில் இதுதான் வழக்கமான வியாதி. பின்னைக் கழற்றித் துடைத்து சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள். சாதாரண கிறீஸ் ரப்பரை ஊத வைக்கும். பேட் உட்காரும் பள்ளத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, புது கிளிப் போடுங்கள். பேட்டை அழுத்தும் கலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் ஒயில் தொட்டியின் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். வழிந்தால் பெயிண்ட் போய்விடும். மின்சாரக் கைப்பிரேக் உள்ள காரில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் பின் பிஸ்டனைத் தொடவே வேண்டாம். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பையும் அளந்து பாருங்கள்.

காரை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை மிதியுங்கள். பிறகு புது பேட் டிஸ்க்கில் படிவதற்காக, வெறிச்சோடிய காலை நேரத்தில், மாடு இல்லாத நீள வீதியில், மணிக்கு 60இலிருந்து 10 வரை நடுத்தர அழுத்தத்தில் எட்டுப் பத்துத் தடவை வேகம் குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள்: சூடான பேட் ஒரே இடத்தில் நின்றால் அதன் பொருள் டிஸ்க்கில் ஒட்டி, பிறகு பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். பத்து நிமிடம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி ஆற விடுங்கள். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அடுத்த சோடிக்குச் சொல்லிவையுங்கள்.