சிலந்தியை இழுக்கும் குளவியைப் பார்க்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

கச்சான் காற்று அடித்து மணல் காய்ந்ததும், கிழக்கிலங்கையின் கல்லடி தொடங்கித் திருக்கோவில் வரை கரையோரப் பற்றைகளுக்குள் கேமராவோடு பிள்ளைகள் இறங்கிவிடுகிறார்கள். பெப்சிஸ் என்னும் பாலைவனப் பெருங்குளவியின் காணொளியைப் பார்த்துவிட்டு, அதன் உறவை ஊர் மணலில் தேடுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் ஆண்டுக்காண்டு அதே பிழைகள்தான். கையால் பிடிக்கக் கூடாது என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை, மற்றதைப் பார்ப்போம்.

பெப்சிஸைத் தேடுவது

அது அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. கருநீல உடல், பல வகைகளில் செம்மஞ்சள் சிறகு, நீளம் 5 சென்ரிமீற்றர் வரை. நியூ மெக்சிகோ 1989 இல் அதைத் தன் மாநிலப் பூச்சியாக்கியது. இங்கே இருப்பவை அதே பொம்பிலிடே (சிலந்தி வேட்டைக் குளவிகள்) குடும்பத்து உறவுகள், பெரும்பாலும் சிறியவை. நீண்ட பின்னங்கால், தரையில் பதற்றமான ஓட்டம், ஓடும்போதே சிறகு உதறல், இவைதான் அடையாளம். சுவரில் மண்கூடு கட்டி, சின்னச் சிலந்திகள் பலவற்றை அடைக்கும் இடை மெலிந்த குளவி வேறு குடும்பம்.

சிலந்தி செத்துவிட்டது என்று நினைப்பது

சாகவில்லை. குளவி கொட்டிய நஞ்சு அதன் அசைவை மட்டும் நிறுத்தியிருக்கிறது. குளவி அதைத் தன் வளைக்குள் இழுத்துப் போகும்: ஒரு சிலந்தி, அதன் வயிற்றின்மேல் ஒரு முட்டை. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது பழைய பேச்சு; உண்மையில் வளையிலிருந்து வருவது, அந்தச் சிலந்தியைத் தின்று வளர்ந்த குளவிப் பிள்ளை.

படத்துக்காகத் தரையைத் துப்புரவாக்குவது

இதுதான் பொறுக்க முடியாத பிழை. குளவி வளை தோண்டிவிட்டுச் சிலந்தியைக் கொண்டுவரப் போயிருக்கும். அந்த இடைவெளியில் ஒருவர் குனிந்து, வளையைச் சுற்றிக் கிடக்கும் சருகு, சிப்பி, அடம்பன் கொடித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எறிவார். படத்தில் குப்பை தெரியக் கூடாதாம். அந்தக் குப்பைதான் குளவிக்கு முகவரி.

இது ஊகமில்லை. நிக்கோ டின்பெர்கன் நெதர்லாந்து மணற்காட்டில், தேனீயை வேட்டையாடும் ஒரு குளவியின் வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி அந்த வட்டத்தைப் பழகிக்கொண்டது. பிறகு அது வெளியே போன நேரத்தில் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி இறங்கியது காய்களின் நடுவில், வளையில் அல்ல. விலங்கு நடத்தை ஆய்வுகளுக்காக அவருக்கு 1973 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் காய்களை நகர்த்தியது ஒன்றைக் கண்டறிய. நம்மவர் சருகை எறிவது ஒரு படத்துக்கு.

சிலந்தி வேட்டைக் குளவியும் சுற்றுப்புறத்தைப் பார்த்தே வளையைக் கண்டுபிடிக்கிறது. முகவரி கலைந்தால் அங்குமிங்கும் ஓடித் தேடும். தேடும் நேரத்தில், வழியில் வைத்த சிலந்தியை எறும்பு மொய்த்துவிடும். அவ்வளவு உழைப்பும் போச்சு.

ஆகவே வளையிலிருந்து 2 மீற்றர் தள்ளி உட்காருங்கள். அடையாளத்துக்காக அருகில் குச்சி நடாதீர்கள். அதுவும் இதே பிழைதான். சருகு படத்தில் விழுந்தால் கேமராவின் கோணத்தை மாற்றுங்கள். ஏற்கெனவே நகர்த்திவிட்டால், குளவி வருமுன் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு விலகுங்கள்.

சிலந்தியைத் தூக்கிப் பார்ப்பது

வேண்டாம். ஒரு சாண் நகர்ந்தாலும் குளவி தேடி அலையும்.

பயந்து அடிப்பது

பூச்சியியலாளர் ஜஸ்டின் ஷ்மிட் பூச்சிக் கொட்டுகளுக்கு வகுத்த வலி அளவுகோலில் பெப்சிஸ் உச்சமான 4 இல் இருக்கிறது. ஆனாலும் கடும் வலி சில நிமிடங்களே. ஆண் கொட்டாது, பெண்ணும் மிதித்தாலோ பிடித்தாலோதான் கொட்டும். செருப்புப் போட்டு நடந்தால் போதும்.

நிழல்

வளைமேல் உங்கள் நிழல் விழக் கூடாது. சூரியன் நகர நகர நீங்களும் மெல்ல நகருங்கள்.