எந்த சென்ட்ரல்? ஏஐ ஏஜென்ட்டுக்குக் கருவி விளக்கம் எழுதும் முறை

சென்னைப் பயணத்துக்கு உதவும் சிறிய ஏஐ ஏஜென்ட் ஒன்றை உருவாக்கினேன். தாம்பரம் ரயிலைக் கேட்டால் அது மெட்ரோவைத் தேடியது. நிரல் சரியாகத்தான் இருந்தது. கருவிகளின், அதாவது ஏஜென்ட் அழைக்கும் ஃபங்ஷன்களின், விளக்கங்களைத் திருத்தி எழுதியதும் ஏஜென்ட் வழிக்கு வந்தது. அந்த முறையை இங்கே தருகிறேன். பைத்தானில் ஃபங்ஷன் எழுத உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடல் உங்கள் நிரலைப் படிப்பதில்லை. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஜேசன் ஸ்கீமா (எந்த உள்ளீடு, எந்த வகை என்று சொல்லும் வரையறை) ஆகியவைதான் அதன் கண்ணில் படும். 2023 ஜூனில் ஓபன்ஏஐ தந்த ஃபங்ஷன் காலிங் (எந்த ஃபங்ஷனை அழைப்பது என்று மாடலே சொல்லும் வசதி) ஆனாலும், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி (மாடல்களைக் கருவிகளோடு இணைக்கும் பொதுத் தரம்) ஆனாலும் அடிப்படை இதுதான்.

படி 1: பெயர்

‘தேடு’ என்று மட்டும் வைக்காதீர்கள். ‘புறநகர்_ரயில்_நேரம்_தேடு’ என்றால் பாதி வேலை முடிந்தது. (புரிவதற்காகப் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன், நிரலில் ஆங்கில எழுத்துகளும் அடிக்கோடும் போதும்.)

படி 2: விளக்கம்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ‘ரயில் நேரங்களைத் தேடும்’ என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. நான் வைத்திருப்பதன் தமிழ் வடிவம் இது:

“சென்னைப் புறநகர் ரயில்களின் கால அட்டவணையைத் தேடும். மெட்ரோவுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. மெட்ரோ_நேரம்_தேடு கருவியை அழைக்கவும். கிண்டி, எழும்பூர், பரங்கிமலை போல இரண்டும் உள்ள நிலையத்தைப் பயனர் சொன்னால், எந்த ரயில் என்று முதலில் கேட்கவும். அட்டவணை நேரம் மட்டுமே கிடைக்கும். தாமதம், ரத்து பற்றிய தகவல் இதில் இல்லை.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால், ரயில் சரியான நேரத்தில் ஓடுவதாக ஏஜென்ட் பயனருக்கு உறுதி சொல்லிவிடக்கூடும்.

இனி சென்ட்ரல். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி ரயில்களுக்கு மூர் மார்க்கெட் வளாகம். தாம்பரம் செல்ல, சாலையைக் கடந்து பார்க் நிலையம். வேளச்சேரிக்குப் பார்க் டவுன். மெட்ரோவுக்குத் தரைக்குக் கீழே இறங்க வேண்டும். நம் ஊர்க்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடலுக்கும் தெரியும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. ‘புறப்படும் நிலையம்’ என்ற உள்ளீட்டின் விளக்கத்திலேயே எழுதினேன்: “பயனர் சென்ட்ரல் என்று சொல்லி, போகுமிடம் தாம்பரம் தடத்தில் இருந்தால், பார்க் என்று அனுப்பவும்.” உங்கள் துறையிலும் இப்படிச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள் நிறைய இருக்கும். தேடிப் பிடித்து எழுதுங்கள்.

படி 3: உள்ளீடுகள்

05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. அதனால் ‘ஆண்டு-மாதம்-நாள், உதாரணம் 2025-06-05’ என்று வடிவத்தைச் சொல்லிவிடுங்கள். நேரத்துக்கு 24 மணிக் கணக்கு. விடை சிலவற்றுள் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்றால், ஸ்கீமாவில் enum, அதாவது அனுமதிக்கப்பட்ட மதிப்புகளின் பட்டியலாகவே கொடுங்கள்.

படி 4: பிழைச் செய்தி

‘பிழை 400’ என்று திருப்பி அனுப்பினால் மாடல் என்ன செய்யும்? “இந்தப் பெயரில் நிலையம் இல்லை, நிலையம்_தேடு மூலம் சரியான பெயரைப் பெற்று மீண்டும் அழைக்கவும்” என்று எழுதினால் அடுத்த அடியை அதுவே எடுத்து வைக்கும்.

படி 5: சோதனை

மக்கள் கேட்பதுபோலவே கேள்விகளை எழுதி வையுங்கள். எந்தக் கருவியையும் அழைக்கக் கூடாத கேள்விகளும் அவற்றில் இருக்கட்டும். பதில் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். எந்தக் கருவி, எந்த உள்ளீடுகளோடு அழைக்கப்பட்டது என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள்.

எனக்குப் பிடித்தது எம்சிபியின் பைத்தான் தொகுப்பில் உள்ள ஃபாஸ்ட்எம்சிபி. ஃபங்ஷனின் டாக்ஸ்ட்ரிங்கே (ஃபங்ஷனுக்குள் முதலில் எழுதும் விளக்க உரை) கருவியின் விளக்கமாகிவிடுவதால் நிரலும் விளக்கமும் ஒரே இடத்தில் இருக்கும். மாடலுக்கு என்ன போகிறது என்பதை எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற சோதனைச் செயலியில் கண்ணால் பார்த்துவிடுங்கள். விளக்கத்தை வேறொரு மாடலிடம் எழுதச் சொல்வதை நான் விரும்புவதில்லை. பார்க், மூர் மார்க்கெட் போன்ற நுணுக்கங்கள் கையால் எழுதினால்தான் வருகின்றன.

பிற்சேர்க்கை: விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாமா என்று ஒரு வாசகர் கேட்டார். எழுதலாம், மாடல் புரிந்துகொள்ளும். ஆனால் விளக்கங்கள் ஒவ்வொரு கோரிக்கையோடும் மாடலுக்குப் போகின்றன; தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்கள் (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டுகள்) செலவாகும். ஆகவே விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி, நிலையப் பெயர்களை மட்டும் இரு மொழியிலும் தருகிறேன். பயனர் ‘பரங்கிமலை’ என்று தட்டச்சு செய்வார்; அட்டவணையில் ‘செயின்ட் தாமஸ் மவுன்ட்’ என்று இருக்கும்.