கையில் ‘டி’ எழுத்து: இரண்டாம் உலகப்போர் அமெரிக்க டெக்னீஷியன் உருவத்தைச் சரியாகச் செய்வது எப்படி?

1:35 அளவில், அதாவது அசலில் 35-இல் ஒரு பங்காக, இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க வீரர்களின் உருவங்களைச் செய்பவர்கள் பெரும்பாலும் ரைபிள் ஏந்திய காலாளையே செய்கிறார்கள். தொலைபேசிக் கம்பி இழுத்தவன், ரேடியோ சுமந்தவன், டாங்கி ஓட்டியவன், குண்டு மழையில் காயத்துக்குக் கட்டுப் போட்டவன் எல்லாரும் அலமாரிக்கு வருவதே இல்லை. வந்தாலும் தவறான பெல்ட்டும் தவறான துப்பாக்கியுமாக வருகிறார்கள். தொலைபேசித் துறையில் லைன்மேனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இது பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். 1942 ஜனவரியில்தான் அமெரிக்க ராணுவம், தொழில் தெரிந்த வீரர்களுக்காக, மூன்று டெக்னீஷியன் கிரேடுகளை உருவாக்கியது. அதற்கு முன் தொழில் தெரிந்த சிப்பாய்க்கு ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்ற பெயரில் கூடுதல் பணம் கொடுத்தார்கள், பதவி உயரவில்லை. புதிய முறையில் ஐந்தாம் கிரேடு டெக்னீஷியனுக்குக் கார்ப்பரலின் சம்பளம், நான்காம் கிரேடுக்குச் சார்ஜென்ட்டின் சம்பளம், மூன்றாம் கிரேடுக்கு ஸ்டாஃப் சார்ஜென்ட்டின் சம்பளம். 1942 ஜூன் மாதச் சம்பளச் சட்டப்படி இவை மாதம் 66, 78, 96 டாலர். சாதாரணச் சிப்பாய் வாங்கியது 50 டாலர். தொடக்கத்தில் சட்டைக் கையில் தைக்கும் பதவிப் பட்டைகளும் கார்ப்பரல், சார்ஜென்ட் அணிந்தவையேதான். படைப்பிரிவை நடத்துகிறவர் யார், ரேடியோவைப் பழுது பார்க்கிறவர் யார் என்று கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத நிலை. அதனால் அதே ஆண்டு செப்டம்பரில் பட்டைக்குக் கீழே ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தார்கள். ஆகவே 1942 கோடைக்கால உருவத்தில் அந்த எழுத்து வரவே கூடாது. நவம்பரில் நடந்த வட ஆப்பிரிக்கத் தரையிறக்கத்துக்கு நான் எழுத்தில்லாமலே விடுவேன். புதுப் பட்டை எல்லாருடைய கைக்கும் வந்து சேர நாளாகும். 1948-இல் இந்தக் கிரேடுகளையே எடுத்துவிட்டார்கள் என்பதால் கொரியப் போர் வீரனுக்கும் இது பொருந்தாது.

பட்டையின் வடிவம் எளிது. அமெரிக்கப் பட்டையின் கூர்முனை மேல்நோக்கி இருக்கும். ஐந்தாம் கிரேடுக்கு இரண்டு கோடு, நான்காம் கிரேடுக்கு மூன்று, மூன்றாம் கிரேடுக்கு மூன்று கோடும் அடியில் ஒரு வளைவும். ‘டி’ எழுத்து கோடுகளுக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் உட்காரும். டெக்னிக்கல் சார்ஜென்ட் என்பவர் வேறு ஆள். அவர் இரண்டாம் கிரேடு. மூன்று கோடு, இரண்டு வளைவு, எழுத்து கிடையாது. பெயர் ஒத்துப்போவதால் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. வீரர்களோ ஐந்தாம் கிரேடு ஆளைக் கார்ப்பரல் என்றும், நான்காம் கிரேடு ஆளைச் சார்ஜென்ட் என்றுமே கூப்பிட்டார்கள்.

வண்ணம் தீட்டுவதில்தான் பொறுமை வேண்டும். அசல் பட்டையின் அகலம் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர். 1:35-இல் அது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கருநீலத் துணியின் மேல் காக்கிக் கோடு என்பதால் எல்லாரும் முதலில் நீலத்தைப் பூசி, அதன்மேல் காக்கிக் கோடு இழுக்கிறார்கள். கோடு தடித்துவிடும். தலைகீழாகச் செய்யுங்கள். சட்டைக் கையில் கருநீலத்தில் சிறு திட்டு வையுங்கள். அதன் நடுவில் காக்கியில் ஒரே தடித்த கூர்வடிவம் போடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீராய்க் கரைத்த கருநீலத்தை நுனி கூரான பிரஷ்ஷில் எடுத்து, அந்தக் கூர்வடிவத்தின் விளிம்புக்கு இணையாக, மெல்லிய இடைவெளியாக இழுங்கள். ஓர் இடைவெளி விழுந்தால் இரண்டு கோடு, இரண்டு விழுந்தால் மூன்று. ‘டி’ எழுத்துக்கு இரண்டே தொடல் போதும்: படுக்கையாக ஒன்று, நெட்டுக்கு ஒன்று. எழுத்தாகத் தெரிய வேண்டும் என்று கனமாக்காதீர்கள். ஒரு கை தூரத்தில் பார்க்கையில் கோட்டுக்குக் கீழே ஏதோ புள்ளி இருப்பதாகத் தெரிந்தாலே சரி. பட்டை இரண்டு கையிலும் உண்டு. களத்தில் பலர் அதைத் தைத்துக்கொள்ளவே இல்லை என்பதால், கை வரவில்லையென்றால் வெறுங்கையாகவே விட்டாலும் தவறில்லை.

இனி முக்கியமான செய்தி. இந்தப் பட்டையைப் பார்த்து ஆயுதத்தை முடிவு செய்ய முடியாது. கிரேடு சொல்வது சம்பளத்தை. தோளிலும் இடுப்பிலும் என்ன தொங்க வேண்டும் என்பதை அந்த ஆள் செய்த வேலைதான் சொல்லும். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் இன்ன வேலைக்கு இன்ன கிரேடு, இன்ன ஆயுதம் என்று அட்டவணை இருந்தது. ஒரே ஐந்தாம் கிரேடில் கம்பி ஆளும் இருப்பான், சமையல்காரனும் இருப்பான், மருத்துவ உதவியாளனும் இருப்பான். ஆகவே உருவத்தை எடுத்ததும் இவன் என்ன வேலை செய்தான் என்று எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு உதிரிப் பாகங்களைத் தேடுங்கள்.

என் விருப்பம் கம்பி ஆள்தான். இவனுடைய அடையாளம் இடுப்பில் தொங்கும் சிறிய தோல் உறை. அதில் ஒரு கட்டிங் பிளேயரும் டிஎல்-29 என்ற மடக்குக் கத்தியும் இருக்கும். மரப்பிடி போட்ட அந்தக் கத்தியில் ஓர் அலகு வெட்டுவதற்கு, இன்னொன்று திருப்புளி. உறையைச் செய்ய எம்-சீலில் மெல்லிய தகடு தட்டி, செம்மண் பழுப்பு நிறம் கொடுங்கள். பிளேயரின் இரண்டு பிடியும் மேலே நீட்டிக்கொண்டு தெரிய வேண்டும். தோளில் ஈஈ-8 களத் தொலைபேசியின் பை. முன்னர் வந்தவை தோல் பை, பின்னர் வந்தவை கித்தான் பை. கைப்பிடியைச் சுற்றினால்தான் மறுமுனையில் மணி அடிக்கும், ஆகவே பையின் பக்கவாட்டில் அந்தக் கைப்பிடியைக் காட்ட மறக்காதீர்கள்.

கம்பிக்குத் தையல் நூல் போதும். டபிள்யூ-110 என்ற களக் கம்பி இரட்டைக் கம்பி. ஒவ்வொன்றிலும் செப்பு இழையும் எஃகு இழையும் சேர்ந்திருக்கும். செம்பு மின்சாரத்தைக் கடத்த, எஃகு இழுவையைத் தாங்க. மிகச் சன்னமான கறுப்பு நூல் இரண்டை முறுக்கி, மெழுகுவர்த்தித் துண்டில் ஒருமுறை இழுத்தால் பிசிறு அடங்கிவிடும். தரையில் போடும்போது விறைப்பாக இழுக்காதீர்கள். தளர்வு விடாத கம்பி முதல் வண்டி ஏறியதும் அறுந்துபோகும், இது எந்த நாட்டு லைன்மேனுக்கும் தெரியும். சாலையைக் கடக்கும் இடத்தில் கம்பத்திலோ மரத்திலோ உயரக் கட்டுங்கள், அல்லது மண்ணில் சிறு பள்ளம் கீறிப் புதையுங்கள். ஆள் உட்கார்ந்து இணைப்புப் போடுவதாகக் காட்டினால், இரண்டு கம்பியையும் ஒரே நீளத்தில் வெட்டாதீர்கள். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. அப்போதுதான் இரண்டு முடிச்சும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உரசாது. அவர்கள் முடிச்சுப் போட்டு, செப்பு இழையால் சுற்றி, மேலே டேப் ஒட்டினார்கள். பார்ப்பவர் கவனிக்கமாட்டார் என்று நினைக்க வேண்டாம்; கம்பி வேலை தெரிந்த ஒருவர் உங்கள் உருவத்தின் முன் நின்றால், அவர் கண் முதலில் போவது அங்கேதான்.

இப்படி ஒரு கம்பி ஆள்தான் ராபர்ட் மேக்ஸ்வெல். மூன்றாம் காலாட்படை டிவிஷனில் ஐந்தாம் கிரேடு டெக்னீஷியன். 1944 செப்டம்பர் 7 அன்று பிரான்சின் பெசான்சோன் அருகே, அவரும் வேறு மூன்று பேரும் வெறும் .45 பிஸ்டல்களுடன் பட்டாலியனின் கண்காணிப்பு நிலையைக் காத்து நின்றார்கள். எதிரே ஏறத்தாழ ஒரு பிளட்டூன் ஜெர்மன் காலாட்கள். உள்ளே விழுந்த கையெறி குண்டின் மேல் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து, தன் உடலால் அதை மறைத்தார். பிழைத்தார், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றார், போருக்குப் பிறகு ஆரிகனில் மோட்டார் மெக்கானிக் தொழில் கற்றுக்கொடுத்தார், 2019 வரை வாழ்ந்தார். இவரைச் செய்ய விரும்புகிறவர் ரைபிளைத் தேடி அலைய வேண்டாம். இடுப்பில் தோல் உறையும் பிஸ்டலும் போதும்.

ரேடியோ ஆளுக்கு வருவோம். முதுகில் சுமக்கும் எஸ்.சி.ஆர்-300 பேட்டரியோடு ஏறத்தாழ 17 கிலோ. அந்தச் சுமையோடு எவனும் நிமிர்ந்து நிற்கமாட்டான். இடுப்புக்கு மேல் உடலை முன்னோக்கிச் சற்று வளையுங்கள். நடக்கும்போது குட்டை ஆண்டெனா, அசலில் 84 சென்டிமீட்டர், நமக்கு 2.4 சென்டிமீட்டர் எஃகுக் கம்பி. கையில் பிடிக்கும் எஸ்.சி.ஆர்-536-இல் ஒரு நுட்பம் உண்டு. ஆண்டெனாவை வெளியே இழுத்தால்தான் ரேடியோ உயிர் பெறும். ஆண்டெனாவை உள்ளே தள்ளி வைத்துவிட்டுக் காதில் வைத்துப் பேசுவதுபோல் செய்த உருவம் செத்த ரேடியோவோடு பேசுகிறது.

1944 ஜூன் 6, நார்மண்டித் தரையிறக்கம் நடந்த ஒமாஹா கடற்கரை என்றால் மார்பில் நச்சுவாயு முகமூடி வைக்கும் கறுப்பு ரப்பர் பை, இடுப்பில் காற்றடைத்த மிதவைப் பட்டை, எல்லாவற்றுக்கும் மேல் ஈரம். 16-ஆம் ரெஜிமெண்ட்டின் ஐந்தாம் கிரேடு டெக்னீஷியன் ஜான் பிண்டர் அங்கே இடுப்பளவு நீரில் ரேடியோவைச் சுமந்து வந்தார். காயம் பட்டும் ஒதுங்கவில்லை. கருவிகளை மீட்க மூன்று முறை கடலுக்குள் திரும்பிப் போனார். ரேடியோத் தொடர்பை அமைத்துக்கொண்டிருந்தபோதே உயிர்விட்டார். அன்று அவருக்கு 32-ஆம் பிறந்தநாள். அவர் பெயரில் ஓர் உருவம் செய்தால் அதன் மையம் ரேடியோவாக இருக்கட்டும்.

ஷெர்மன் டாங்கியின் ஓட்டுநர் பெரும்பாலும் நான்காம் கிரேடு. அவனுக்கு இரும்புத் தொப்பி வேண்டாம். காற்றுத்துளைகள் கொண்ட டாங்கித் தொப்பி, காதில் ஹெட்போன், கழுத்தில் தொண்டை மைக். குறுகிய மூடி வழியாக ஏறி இறங்குகிறவன் இடுப்பில் பைகளை வரிசையாகத் தொங்கவிடமாட்டான். தோளில் மாட்டும் உறையில் ஒரு பிஸ்டல், அவ்வளவுதான்.

மருத்துவ உதவியாளனுக்கு ஆயுதமே கிடையாது. இரண்டு பக்கமும் மருந்துப் பை, அவற்றைத் தாங்கும் அகன்ற தோள் வார், இடது கையில் செஞ்சிலுவைப் பட்டை. அது பல படங்களில் கோடுகளை மறைத்துவிடும், ஆகவே கிரேடை வலது கையில் காட்டுங்கள். ஐரோப்பா என்றால் தொப்பியில் வெள்ளை வட்டத்தில் செஞ்சிலுவை. பசிபிக் தீவுகள் என்றால் அதையும் கைப்பட்டையையும் எடுத்துவிடுங்கள். அங்கே அது எதிரி குறிபார்க்க உதவியது. சமையல்காரனுக்கு ஏப்ரனும், பக்கத்தில் சாய்த்து வைத்த கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியும்.

கார்பைன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எம்1 கார்பைனின் எடை இரண்டரைக் கிலோவுக்குள், காலாள் ஏந்திய காரண்ட் ரைபிள் நான்கு கிலோவுக்கு மேல். வேறு வேலையில் கை நிறைந்தவர்களுக்காகவே கார்பைன் வந்தது. ஆனால் பத்துப் பை வைத்த காரண்ட் பெல்ட்டைக் கட்டி, கையில் கார்பைன் கொடுத்த உருவங்களைக் கண்காட்சிகளில் தொடர்ந்து பார்க்கிறேன். அந்தப் பைகள் எட்டுத் தோட்டா கிளிப்புக்கானவை. கார்பைனுக்கு அந்தத் தோட்டாவே பொருந்தாது. வெற்று பிஸ்டல் பெல்ட்டில் இரட்டை மேகசின் பை ஒன்று மாட்டுங்கள், இன்னொன்றைத் துப்பாக்கியின் கட்டையில் செருகுங்கள். நார்மண்டி என்றால் குழலின் முனையில் பயனெட் மாட்டும் கொக்கியைக் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள். அது பின்னால் வந்தது.

வார்களின் நிறம் ஒரே சீராக இருக்க வேண்டாம். பழைய காக்கியும் புதிய கரும்பச்சையும் ஒரே ஆளின் மேல் கலந்திருக்கும். கடைசியாக மேட் வார்னிஷ். ஐப்பசி மழையில் அடித்தால் வெண்பூச்சாகப் படியும், வெயில் வரும் வரை காத்திருங்கள். அது முழுதாகக் காய்ந்த பிறகே ரேடியோவின் ரிசீவர் வயரையும் தொலைபேசிக் கம்பியையும் ஒட்டுங்கள். முன்னமே ஒட்டினால் வார்னிஷ் நூலை விறைப்பாக்கி, கம்பியின் தளர்வு போய்விடும்.