ஆறு மாதக் குழந்தையோடு பாயில் கால் மணி நேரம்

ஆறு மாதக் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஒரு பாய், இரண்டு எவர்சில்வர் ஸ்பூன், ஒரு பழைய துண்டு, செல்போனைத் தள்ளி வைத்த ஓர் ஆள் இருந்தால் போதும். மடியிலும் தொட்டிலிலுமே இருக்கிற பிள்ளைக்குக் கைகால் பழக இடம் கிடைக்காது. அதனால் எல்லாம் தரையில்தான்.

1. இடம், நேரம்

பால் குடித்த கையோடு வேண்டாம், கக்கிவிடும். அரை மணி நேரம் போகட்டும். கட்டிலும் வேண்டாம். இது உருள்கிற வயது. பாயைச் சுற்றிக் கடலை, பட்டன், சில்லறைக் காசு கிடக்கிறதா என்று நீங்களே தரையில் படுத்து ஒருமுறை பாருங்கள். கொலுசு போட்டிருந்தால் ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பாருங்கள். காலைப் பிடித்து வாயில் வைக்கிற மாதம் இது. கழன்ற மணி தொண்டையில் சிக்கும்.

2. குப்புறப் போடுங்கள்

எதிரே நீங்களும் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கக் கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் சொல்லும் செங்கீரைப் பருவமும் இப்படித்தான்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையை ஆட்டுவது. கைகொட்டும் சப்பாணிப் பருவத்துக்கு அங்கே ஒன்பதாம் மாதம். இப்போதே தட்டச் சொல்லிப் படுத்தாதீர்கள்.

எட்டாத தூரத்தில் ஒரு சாண் தள்ளி எதையாவது வையுங்கள். வயிற்றிலேயே சுழலும், சில பிள்ளைகள் பின்னோக்கிப் போகும். சிணுங்கினால் புரட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. தூங்க வைக்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்க.

3. உட்காருவது

இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தால் கைகளை முன்னால் ஊன்றித் தவளை மாதிரி உட்காரும். இப்போதைக்கு அவ்வளவுதான். சாயும் பக்கம் உங்கள் கை இருக்கட்டும். பிடிமானம் இல்லாமல் உட்காருவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கால எல்லை 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. அவ்வளவு அகலம். ஆகவே "எங்க பேரன் அஞ்சு மாசத்துலயே உட்கார்ந்தான்" என்கிற பெரியம்மாவுக்குச் சிரித்துத் தலையாட்டிவிடுங்கள். வாக்கர் வாங்கித் தருகிறேன் என்றால் மட்டும் மறுத்துவிடுங்கள். கவிழ்ந்து அடிபடுகிற சாமான் அது. கனடாவில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள்.

4. இரண்டு ஸ்பூன்

எனக்குப் பிடித்த கட்டம். ஒரு ஸ்பூனை நீட்டுங்கள். உள்ளங்கையோடு சேர்த்து அள்ளிப் பிடிக்கும். விரல் நுனியால் எடுக்கப் பிறகுதான் வரும். நேராக வாய்க்குப் போகும், தடுக்காதீர்கள், கழுவிய ஸ்பூன்தானே. இப்போது அதே கைப்பக்கம் இரண்டாவது ஸ்பூனை நீட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். முதலில், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்கும். சில நாளிலோ சில வாரத்திலோ, பழையதை மறு கைக்கு மாற்றிவிட்டு இதை வாங்கும். மாற்றும் அந்த நொடியில் வாய் திறந்து, ஜொள்ளு ஒழுகும். நீங்கள் எடுத்துக் கையில் திணித்தால் இதெல்லாம் நடக்காது.

5. துண்டு

குழந்தை பார்க்கும்போதே ஸ்பூனைத் துண்டால் பாதி மூடுங்கள். தெரிகிற நுனியைப் பிடித்து இழுக்கும். முழுக்க மூடினால் பெரும்பாலும் மறந்துவிடும். தேடுகிற புத்தி வர இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகும். உங்கள் முகத்தை மூடித் திறந்தால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

6. பேச்சு

அது "ஆ... ஊ" என்றால் நீங்களும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பதில் வரும். உதட்டைப் பிர்ரென்று ஊதினால் எச்சில் தெறிக்க அதுவும் ஊதும்.

இணை உணவு தொடங்குவதும் இந்த மாதம்தான். உதட்டை இறுக மூடினால் போதும் என்று அர்த்தம், திணிக்க வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடாது.

பொருளை நோக்கிக் கை நீட்டவே இல்லை, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறது, சத்தத்துக்குத் திரும்புவதில்லை, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதப் பிள்ளைக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள்.