ஆவணப்படங்களைப் பரிந்துரைப்பதிலும் விவாதிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்களின் புலனக் குழுக்களில் ஆவணப்பட இணைப்புகளுக்குக் குறைவே இல்லை. இணைப்பின் கீழே “கட்டாயம் பாருங்கள்” என்று ஒரு வரி இருக்கும். படத்தை யார் எடுத்தார்கள், எந்த ஆண்டில் வெளிவந்தது, எத்தனை மணி நேரம் ஓடும், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்ற விவரம் எதுவும் இருக்காது. அனுப்பியவரே முழுவதும் பார்த்தாரா என்பதும் பல வேளைகளில் ஐயத்துக்குரியது. பெரும்பாலோர் அதைத் திறக்காமலேயே கடந்து போவதில் வியப்பில்லை. வேலை முடிந்து நெரிசலில் சிக்கி வீடு திரும்பியவர், எதற்காக உட்காரப் போகிறோம் என்று தெரியாமல் இரண்டு மணி நேரத்தை ஒதுக்க மாட்டார்.

பரிந்துரை பெறுபவர் யார் என்பதை எண்ணாமல் விடுவது இதைவிடப் பெரிய குறை. நம் வீடுகள் பலவற்றில் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும், பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் மலாயும்தான் வேகமாக ஓடும். ஆங்கில விளக்கவுரை மட்டும் இருந்து தமிழ் வசன வரிகள் இல்லாத படத்தை அந்தக் குடும்பத்துக்குச் சொன்னால், பாதிப் பேர் அறையை விட்டு எழுந்து போவார்கள். 2023இல் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ இந்த வகையில் ஒரு நல்ல வாய்ப்பு. முதுமலை தெப்பக்காடு யானை முகாமைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும் அதில் தமிழில் பேசுகிறார்கள்; பாட்டி காதால் கேட்கலாம், பிள்ளைகள் ஆங்கில வரிகளைப் படிக்கலாம், முக்கால் மணி நேரத்துக்குள் படமும் முடிந்துவிடும். இத்தகைய காரணத்தை இரண்டு வரியில் எழுதி அனுப்புவதே பரிந்துரை எனப்படும்.

எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்று சொல்லாமல் விடுவதும் வீண் சண்டைகளுக்கு இடம் தருகிறது. பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டினால் மேடான். 1965–66இல் இந்தோனேசியாவில் நடந்த படுகொலைகளில் அங்கே பங்கேற்றவர்கள், தங்கள் செயல்களைத் தாங்களே விருப்பமான திரைப்பட பாணிகளில் நடித்துக் காட்டுவதைப் பதிவு செய்த ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ (2012) திரையரங்குகளுக்காக ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகச் சுருக்கப்பட்டது. இயக்குநரின் முழுப் பதிப்போ 159 நிமிடம். சுருக்கத்தைப் பார்த்தவரும் முழுமையைப் பார்த்தவரும் அதன் வேகத்தைப் பற்றியும் அதில் வரும் கொலையாளியின் மனமாற்றத்தைப் பற்றியும் வாதிட்டால், இருவரும் இரண்டு வேறு படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். மேலும், அதே இயக்குநர் கொல்லப்பட்டவரின் குடும்பத்தின் பக்கம் நின்று 2014இல் எடுத்த ‘தி லுக் ஆஃப் சைலன்ஸ்’ படத்தைச் சொல்லாமல் முதல் படத்தை மட்டும் பரிந்துரைப்பது அரைகுறை வேலை என்பது என் கருத்து. கொன்றவர்களின் முகத்தையே இரண்டு மணி நேரம் பார்த்தவருக்கு மற்றவர்களின் முகத்தையும் காட்டும் பொறுப்பு பரிந்துரைத்தவருக்கு உண்டு.

இனி, மற்றத் தவறுகள் பலவற்றுக்கும் தாயான தவறுக்கு வருவோம். படத்தில் கண்டதை நடந்த நிகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்கிறோம். யாரோ ஒருவர் ஓரிடத்தில் கேமராவை வைத்தார், எடுத்ததில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தார், மிச்சத்தை ஒரு வரிசையில் அடுக்கினார் என்பது நினைவில் நிற்பதில்லை. ஆவணப்பட வரலாற்றின் தொடக்கத்தில் வைத்துப் போற்றப்படும் ‘நானூக் ஆஃப் த நார்த்’ (1922) படத்தில், பனிக்குடிலுக்குள் நடக்கும் காட்சிகளுக்கு வெளிச்சம் போதாததால் பாதி மட்டும் கட்டப்பட்ட குடிலில் படம் பிடித்தார்கள். நாயகனின் உண்மைப் பெயர் நானூக் அன்று, அல்லாகரியல்லாக். வேட்டைக்குத் துப்பாக்கி பயன்படுத்தத் தொடங்கிவிட்ட அம்மக்களை, இயக்குநர் ஃபிளாஹர்ட்டி பழைய ஈட்டியோடு வேட்டையாட வைத்தார். டிஸ்னி நிறுவனம் 1958இல் வெளியிட்ட ‘வைட் வில்டர்னஸ்’ இன்னும் ஒரு படி மேலே போனது. லெம்மிங் என்னும் சிற்றெலிகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்வதாகக் காட்ட, கடலே இல்லாத கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்துக்கு அவற்றைக் கொண்டுபோய் ஆற்றங்கரைச் சரிவிலிருந்து விழச் செய்தார்கள். அந்தப் படம் ஆஸ்கர் விருதும் பெற்றது. அந்தக் கட்டுக்கதையை இன்றும் உவமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டவுடன் “அப்படியானால் எல்லாம் நாடகம்தான்” என்று கைவிரிப்பதும் அதே அளவு சோம்பலான முடிவு. எரல் மாரிஸ் 1988இல் எடுத்த ‘தி தின் புளூ லைன்’ படத்தில் கொலைக் காட்சி நடிகர்களைக் கொண்டு பலமுறை மறுபடி நடித்துக் காட்டப்படுகிறது. சாட்சிகள் சொன்னவை ஒன்றோடொன்று எப்படி முரண்படுகின்றன என்பதைப் பார்வையாளர் கண்ணால் காண்பதற்காகவே அவ்வாறு செய்தார். டெக்சஸ் சிறையில் செய்யாத கொலைக்காக அடைபட்டிருந்த ராண்டால் ஆடம்ஸ் அடுத்த ஆண்டு விடுதலையானதற்கு அப்படம் ஒரு முக்கியக் காரணம். மறுநடிப்பைப் பார்வையாளரிடம் மறைத்தார்களா, வெளிப்படையாகச் செய்தார்களா, அது உண்மையை நோக்கி இட்டுச் செல்கிறதா என்பவைதாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போடச் செய்த, நமக்கு நெருக்கமான சயாம்–பர்மா மரண ரயிலை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். இப்பேச்சு எழும்போதெல்லாம் ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ (1957) படத்தை ஏதோ சரித்திரப் பதிவு போல யாராவது குறிப்பிடுவது வழக்கம். அது பியேர் பூல் எழுதிய நாவலை வைத்து இலங்கையில் எடுக்கப்பட்ட கதைப்படம். (பூல், போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் என்பது நம் ஊர்ச் செய்தி.) படத்தின் முடிவில் பாலம் கட்டி முடிந்த உடனே தகர்க்கப்படுகிறது, உண்மையில் குவாய் ஆற்றுப் பாலம் இரண்டு ஆண்டுகள் போலப் பயன்பட்டு, 1945இல் நேச நாடுகளின் விமானக் குண்டுவீச்சில்தான் சேதமுற்றது. இவற்றைவிட நம்மைச் சுடுவது வேறொன்று: 1942–43இல் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதை போட்டவர்களில் போர்க்கைதிகளைவிட மிக அதிகமாக இருந்த ஆசியத் தொழிலாளர்கள், அவர்களிலும் மலாயாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள், அந்தப் படத்தின் கதையில் இடமே பெறவில்லை.

கதைப்படத்தை ஒதுக்கிவிட்டு ஆவணப்படத்துக்குப் போனால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. போர்க்கைதிகளில் நாட்குறிப்பு எழுதியவர்களும், ஒளித்து வைத்து ஓவியம் வரைந்தவர்களும், பெயர்ப்பட்டியல் காத்த அதிகாரிகளும் இருந்தார்கள். போர் முடிந்தபின் அவர்களுடைய இராணுவங்கள் கல்லறைகளைத் தேடி ஒழுங்குபடுத்தின. அவர்களில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிவது அதனால்தான். தோட்டத் தொழிலாளர்களுக்கு அத்தகைய பதிவு இல்லை; அவர்களின் சாவுகளை மதிப்பீடாகத்தான் சொல்கிறார்கள். ஆகவே, இதைப் பற்றிய ஆவணப்படத்தில் தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றிக் குரல் பேசிக்கொண்டிருக்கும்போது, திரையில் தெரியும் எலும்பும் தோலுமான உடல்கள் பெரும்பாலும் போர்க்கைதிகளின் புகைப்படங்களாக இருக்கும். அதைத் தவறென்று தள்ள வேண்டியதில்லை, இருப்பதை வைத்துத்தானே எடுக்க முடியும். ஆனால் அதைக் கவனிக்காமல், “பாருங்கள், நம் தாத்தாவின் நிலைமையை” என்று அந்தப் படத்தை வெட்டி அனுப்புவது தவறு. பதிவே இல்லாமல் போனதுதான் தொழிலாளர்களுக்கு நேர்ந்த இரண்டாவது கொடுமை. வேறொருவரின் படத்தை வைத்து அந்த வெற்றிடத்தை மூடினால் அக்கொடுமையும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

முதியவர்களின் வாக்குமூலத்தையும் இதே கவனத்தோடு கேட்க வேண்டும். பதினைந்து வயதில் சயாமுக்குப் போனவர் எண்பது வயதில் கேமரா முன் அமர்ந்து சொல்லும்போது, ஆண்டும் ஊர்ப்பெயரும் பிசகலாம். வாந்திபேதி வந்த முகாமின் நாற்றமும் மழையில் நனைந்த சாக்குத் துணியும் பிசகுவது அரிது. தேதியில் ஒரு பிழை கண்டதும் முழுச் சாட்சியத்தையும் மறுப்பவர்களும், வயதைக் காரணம் காட்டி எதையும் சரிபார்க்கக் கூடாது என்பவர்களும் சாட்சியத்தின் இயல்பை அறியாதவர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து மண்டபங்களில் படம் முடிந்ததும் நடக்கும் கலந்துரையாடல்களில், படம் ஐந்தாவது நிமிடத்தில் காணாமல் போய்விடும். தோட்டத் துண்டாடலைப் பற்றிய படமென்றால் பேச்சு இழப்பீட்டுக்கும், அங்கிருந்து அரசியல் கட்சிகளுக்கும், கடைசியில் தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கைக்கும் போய்ச் சேரும். இவை முக்கியமானவைதாம், ஆயினும் அவற்றைப் பேசப் படமே தேவையில்லை. நடத்துநர் ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் பேச்சு தரையில் நிற்கும். நல்ல வழியொன்று உண்டு: மனத்தை உலுக்கிய நேர்காணலின் இரண்டு நிமிடத்தை ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி ஓட விடுங்கள். பின்னணி வயலின் இசை போனபின் அந்த முகம் அதே துயரத்தைக் காட்டுகிறதா, சற்று எரிச்சலோடு கேள்வி கேட்டவரைப் பார்க்கிறதா என்று அப்போது தெரியும். இயற்கைப் படங்களுக்கும் இது பொருந்தும்; சிலந்தி நடக்கும் ஓசை என்று நாம் கேட்பது பெரும்பாலும் ஒலிக்கூடத்தில் செய்து சேர்த்தது.

படத்தில் வரும் எண்களைச் சரிபார்க்காமல் மேடையில் ஒப்பிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2048இல் கடலில் மீனே இருக்காது என்று ‘சீஸ்பிரசி’ (2021) பார்த்தவர்கள் பலர் சொன்னார்கள். அது 2006இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து எடுக்கப்பட்ட எண். அவ்வாய்வை முன்னின்று எழுதியவரே 2009இல் வேறு அறிஞர்களோடு சேர்ந்து, நிர்வாகம் சரியாக உள்ள கடல்களில் மீன்வளம் மீள்கிறது என்று மாறுபட்ட நிலையை எழுதினார். மீன்பிடியின் கேடுகளை அந்தப் படம் காட்டும் பிற பகுதிகளை இந்த ஓர் எண் பலவீனமாக்கிவிட்டது.

பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்வது நம் நாட்டில் பழைய வழக்கம். அமிர் முகமது எடுத்த ‘லெலாகி கொமுனிஸ் தெராகிர்’ (2006) தணிக்கை வாரியத்தில் வெட்டின்றித் தேறியபின் உள்துறை அமைச்சால் தடை செய்யப்பட்டது. மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கின் வாழ்க்கைத் தடத்தைப் பின்பற்றும் அப்படத்தில் சின் பெங் தோன்றுவதே இல்லை. பாதை நெடுகிலும் இருக்கும் ஊர்களின் இன்றைய மக்களும் இடையிடையே பாட்டும் வரும். காரசாரமாக வாதிட்ட பலருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதே இயக்குநர், 1998 மறுமலர்ச்சி (ரிஃபோர்மாசி) ஆர்ப்பாட்டங்கள் நடந்த இடங்களுக்குப் பத்தாண்டு கழித்துத் திரும்பிப்போய், தமிழ் பேசும் சாதாரண மக்களோடு உரையாடி ‘மலேசியன் காட்ஸ்’ (2009) என்ற படத்தை எடுத்தார். கோவிலும் தோட்டமும் வறுமையும் இருந்தால்தான் நம்மைப் பற்றிய படம் என்று எண்ணிக்கொள்வதால், தமிழ் ஒலிக்கும் இந்தப் படம் நம் பரிந்துரைப் பட்டியல்களில் தென்படுவதே அரிதாக இருக்கிறது.

வீட்டில் பார்ப்பதும் ஊரைக் கூட்டித் திரையிடுவதும் ஒன்றென்று எண்ணுவது பணத்தையும் நிம்மதியையும் பறிக்கக்கூடிய தவறு. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ‘நோ ஃபயர் ஸோன்’ படம் 2013 ஜூலையில் கோலாலம்பூர் சீனர் அசெம்பிளி மண்டபத்தில் காட்டப்பட்டபோது, ஏற்பாட்டாளர்களில் ஒருவர் மீது 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றங்களில் ஏறி இறங்கிய அந்த வழக்கில் 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. தணிக்கை அனுமதி பெறாத படத்தைத் திரையிட்டால் 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. அச்சட்டத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் கல்லூரித் தமிழ் மன்றத்து இளைஞர்களை அதை அறியாமல் அதில் மாட்டவைப்பதையும் ஏற்க முடியாது. திரையிடும் உரிமை தனி. நெட்ஃபிளிக்ஸ் சந்தா வீட்டுக்கானது. அந்நிறுவனம் தன் ஆவணப்படங்கள் சிலவற்றைக் கல்வி நோக்கில் ஒருமுறை காட்ட அனுமதி தருகிறது, எவை என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றப் படங்களுக்குத் தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினால் போதும். சிறு அமைப்புகளிடம் பெரும்பாலோர் கறாராக இருப்பதில்லை.

கொடூரக் காட்சிகளைப் பற்றி முன்னறிவிக்காமல் இருப்பது கடைசியாகச் சொல்ல வேண்டியது. மேற்சொன்ன ஈழப் போர்ப் படத்திலும், தமிழகத்தில் மலக்குழிக்குள் இறக்கப்பட்ட தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ (2017) படத்திலும், உறவினர் எவரும் எதிர்பாராமல் காணக் கூடாத சடலக் காட்சிகள் உள்ளன. ஈழத்தில் சொந்தங்களை இழந்தவர்கள் செந்தூலிலும் கிள்ளானிலும் நம்மிடையே வாழ்கிறார்கள். எத்தனையாவது நிமிடத்தில் என்ன வரும் என்று இணைப்போடு சேர்த்து எழுதிவிட்டால், பார்ப்பதா, தாண்டிச் செல்வதா, வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வதா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.